கஜானாவும் கரும்பலகையும் – 7: பதினொன்றாம் பிரிவு

சென்ற வாரம் சர் சி.பி. ராமசாமி ஐயர் பின்வாங்கியதோடு நிறுத்தியிருந்தோம். திருவிதாங்கூரின் ஆரம்பப் பள்ளிகளை அரசே ஏற்று நடத்துவது என்பது அவர் திட்டம். 1945-ல் சங்ஙனாச்சேரி ஆயர் ஜேம்ஸ் காளாச்சேரி வெளியிட்ட ஒரு சுற்றுமடல் அதற்குக் குறுக்கே வந்து நின்றது. சமஸ்தானத்தையே விரல் நுனியில் ஆட்டிவைத்த திவான், பள்ளிக்கூட விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டு விலகினார்.

அடுத்து முயன்றவர் பனம்பிள்ளி கோவிந்த மேனன். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் உருவானபின் கல்வி அமைச்சராக இருந்தவர். தனியார் உயர்நிலைப் பள்ளிகள் வசூலிக்கும் கட்டணத்தில் 80 சதவீதத்தை அரசுக் கஜானாவில் கட்ட வேண்டும், மீதி 20 மேனேஜருக்கு. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். இதுதான் அவர் வகுத்த ஏற்பாடு. மல்லுக்கட்டு நடந்தது, பேரம் நடந்தது, ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அது அரசின் திட்டம் மட்டுமே, சட்டம் அல்ல. இன்று ஒரு அமைச்சர் கொடுத்ததை நாளை இன்னொருவர் நிறுத்தலாம்.

அதைச் சட்டமாக்க ஒருவர் துணிந்தபோது என்ன நடந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

*

1957 ஏப்ரல் 5. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கேரளத்தின் முதல் அமைச்சரவை பதவியேற்றது. தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 126 உறுப்பினர்களில் கம்யூனிஸ்டுகள் 60 பேர், அவர்கள் ஆதரவோடு வென்ற சுயேச்சைகள் 5 பேர். அறுபத்தைந்து பேரை வைத்துக்கொண்டு அவர்கள் தொட்ட பெரிய காரியங்களில் ஒன்று, ஒரு திவானையே பின்வாங்கவைத்த அதே பள்ளிக்கூட விவகாரம்.

துணிச்சலா, அவசரமா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டசபை அப்போது திருவனந்தபுரம் செக்ரடேரியட் வளாகத்திலேயே கூடியது. திருவிதாங்கூர் மன்னர் காலத்தில், 1939-ல் திறக்கப்பட்ட மண்டபம் அது. வாசலுக்கு எதிரே, பஸ் கண்டக்டர்கள் இன்றும் ‘ஸ்டாச்சு’ என்று கூவி ஆளை இறக்கிவிடும் இடத்தில், டி. மாதவ ராவ் சிலையாக நிற்கிறார். கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரின் திவானாக உயர்ந்தவர். தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் என்ற வழக்கம் 1860-களின் இறுதியில் அவர் காலத்தில்தான் ஊன்றியது. இந்தத் தொடரின் மூன்றாம் பகுதியைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அவர் தொடங்கிவைத்த மானியத்துக்குக் கணக்குக் கேட்கும் மசோதா, அவர் சிலைக்கு நேர் எதிரே எழுதப்பட்டது.

1957 ஜூன் 7-ந் தேதி நிதியமைச்சர் சி. அச்சுத மேனன் தமது முதல் பட்ஜெட்டை வாசித்தார். புதிய மாநிலம், காலிக் கஜானா, பெரிய வாக்குறுதிகள். மேடைப் பேச்சில் ஆளைக் கவரும் மனிதர் அல்ல அவர். நிதானமானவர், கணக்கைக் கணக்காகச் சொல்பவர். இந்தக் கதையில் எல்லோரும் கல்வி அமைச்சர் முண்டசேரியை நினைவில் வைத்திருக்கிறார்கள். அச்சுத மேனனையும் மறக்காதீர்கள். இன்னும் பதினைந்து ஆண்டு கழித்து, 1972-ல், முதலமைச்சராக அவர் இந்தக் கதைக்குள் மறுபடி வருவார். அப்போது தனியார் கல்லூரி ஆசிரியர்களின் சம்பளத்தையும் அரசே நேரடியாகத் தரத் தொடங்கும். அது வேறு பகுதிக்கான கதை.

*

கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கட்சிக்குள் வளர்ந்தவர் அல்ல. மலையாள இலக்கிய விமர்சனத்தில் பெரிய பெயர். திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரியில் கால் நூற்றாண்டு காலம் பாடம் சொன்ன பேராசிரியர். கத்தோலிக்கர். நிர்வாகத்தோடு முட்டிக்கொண்டு கல்லூரியை விட்டு வெளியே வந்தவர். தனியார் கல்வி நிறுவனத்தில் வேலை பார்ப்பவனின் நிலைமை என்ன என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த நிலைமையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

மாதக் கடைசி. சம்பளப் பதிவேடு விரித்துவைக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியரின் பெயருக்கு எதிரே ஒரு தொகை, அதன் பக்கத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப். ஆசிரியர் ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்துப் போடுகிறார். போட்ட தொகை ஒன்று, கையில் வருவது வேறொன்று. வித்தியாசம் எங்கே போனது என்று கேட்பவருக்கு அடுத்த மாதம் பதிவேட்டில் பெயர் இருக்காது. எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஒழுங்காகக் கொடுத்த மேனேஜர்களும் இருந்தார்கள். ஆனால் இந்தப் பழக்கம் ஊரறிந்தது. ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த புகார் இது.

நம் ஊரில் தாளாளர் என்கிறோமே, அவரைத்தான் கேரளத்தில் மேனேஜர் என்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம். அவர்களுடைய அன்றைய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை இதே திருவனந்தபுரத்தின் கீழ் இருந்தவைதாம்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பள்ளிகள் வானத்திலிருந்து விழவில்லை. 1864-ல் சாவறை குரியாக்கோஸ் எலியாஸ் என்ற பாதிரியார் ஒவ்வொரு தேவாலயத்தோடும் ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி தனியே எடுத்துவைத்துக் கொடுத்த ‘பிடியரி’யில் பசியாறிய பிள்ளைகள் அங்கே படித்தார்கள். பின்னாளில் நாயர் சர்வீஸ் சொசைட்டியும், ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகமும் தத்தம் மக்களிடம் திரட்டிய காசில் பள்ளிகள் எழுப்பின. மேனேஜருடைய வாதம் எளிமையானது: நிலம் எங்களுடையது, சுவர் எங்களுடையது, நீங்கள் யார்?

அரசு சொன்ன பதிலும் எளிமையானதுதான்: சம்பளம் எங்களுடையது.

*

1957 ஜூலை 13. முண்டசேரி கேரளக் கல்வி மசோதாவைச் சபையில் அறிமுகம் செய்தார்.

பல பிரிவுகள் கொண்ட மசோதா அது. ஐந்தாறு பிரிவுகளை மட்டும் பார்த்தால் போதும், பணம் எப்படி ஓடுகிறது என்பது பிடிபட்டுவிடும்.

எட்டாம் பிரிவு: அரசு உதவி பெறும் பள்ளியில் வசூலாகும் கட்டணம் அனைத்தும் அரசுக்குச் சேர வேண்டும். பனம்பிள்ளியின் எண்பது சதவீதம் இங்கே நூறு ஆகிவிட்டது.

ஒன்பதாம் பிரிவு: ஆசிரியர் சம்பளம் முழுவதையும் அரசு தரும், நேரடியாகவோ தலைமையாசிரியர் மூலமாகவோ. மேனேஜருக்குப் பராமரிப்பு மானியம் தனியாக உண்டு.

இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அதுவரை மானியம் என்பது அரசு மனம்வைத்துக் கொடுப்பது. பட்ஜெட்டில் பணம் இருந்தால் கூட்டலாம், இல்லாவிட்டால் குறைக்கலாம். ஒன்பதாம் பிரிவு வந்தபின் அது அரசின் தலையில் சட்டம் ஏற்றிவைத்த சுமை. எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த நிதியமைச்சர் வந்தாலும், மானியக் கோரிக்கையில் அந்தத் தொகையை எழுதித்தான் ஆக வேண்டும். பின்னர் 1960-களில் கேரள அரசின் வருவாய்ச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கல்விக்கே போனது என்றால், அதற்கான வித்து இந்த நாலைந்து வரிகளில் இருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், இவ்வளவு பெரிய செலவைப் பற்றி ஊரில் பெரிய சண்டை எதுவும் எழவில்லை. சண்டை எழுந்தது வேறு இடத்தில்.

பதினொன்றாம் பிரிவு.

ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது அரசுப் பணியாளர் தேர்வாணையம், அதாவது பி.எஸ்.சி. ஒவ்வொரு ஆண்டும் காலியிடங்களைக் கணக்கிட்டு, மாவட்டவாரியாகப் பட்டியல் தயாராகும். அந்தப் பட்டியலிலிருந்து மட்டுமே மேனேஜர் ஆள் எடுக்கலாம். பட்டியல் தயாரிக்கும்போது பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீட்டையும் பார்க்க வேண்டும்.

கல்யாணச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டவர், பந்தியில் யார் யார் உட்காருவது என்பதையும் நானே சொல்வேன் என்கிறார். வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

மேனேஜர் கையிலிருந்த பேனாவுக்கு மதிப்பு சாதாரணமானது அல்ல. ஒரு ஆசிரியர் வேலை என்பது ஒரு குடும்பத்தின் ஆயுள் காப்பீடு. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவருக்கு ஊரில் செல்வாக்கு, சமூகத்தில் மரியாதை. பல இடங்களில் ‘நன்கொடை’யும் உண்டு. இடஒதுக்கீடு வந்தால், ஒரு சமூகத்தின் பள்ளிக்குள் இன்னொரு சமூகத்து ஆசிரியர் சம உரிமையோடு நுழைவார். அரசு சம்பளம் தரும் பள்ளியில் அதுவரை பல வகுப்பினருக்கு நாற்காலியே கிடையாது. இதை வெளிப்படையாகச் சொல்லி யாரும் எதிர்க்கவில்லை. மத சுதந்திரம் என்றார்கள், பெற்றோர் உரிமை என்றார்கள், பாடப்புத்தகத்தில் கம்யூனிசம் நுழைகிறது என்றார்கள். எல்லாமே பொய்யான கவலை என்று தள்ள மாட்டேன். ஆனால் நடுவில் இருந்தது பேனாதான்.

இன்னும் இரண்டு பிரிவுகளை முண்டசேரி சேர்த்திருந்தார். பதினான்கு: மேனேஜர் கடமை தவறினால் ஐந்து ஆண்டுவரை அரசு பள்ளியை எடுத்து நடத்தலாம். பதினைந்து: ஒரு பகுதியிலுள்ள குறிப்பிட்ட வகைப் பள்ளிகளை, சட்டசபைத் தீர்மானத்தின் பேரில், இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்தலாம்.

இவை இரண்டும் தேவையே இருக்கவில்லை என்பது என் கருத்து. சம்பளமும் தேர்வும் அரசிடம் வந்தபின் கட்டடம் யார் பெயரில் இருந்தால் என்ன? பிடியரி சேர்த்துக் கொடுத்த தாய்மார்களிடம் ‘உங்கள் பள்ளியைப் பிடுங்கப் போகிறார்கள்’ என்று சொல்ல எதிர்ப்பாளர்களுக்கு இந்த இரண்டு பிரிவுகள் போதுமானதாக இருந்தன. பேனாவுக்காக யாரும் தெருவுக்கு வரமாட்டார்கள், பள்ளிக்காக வருவார்கள்.

*

எதிர்க்கட்சித் தலைவர் பி.டி. சாக்கோ வழக்கறிஞர். வாதத்தில் வல்லவர். மசோதா தெரிவுக் குழுவுக்குப் போய்த் திரும்பியது. திருத்தங்கள் குவிந்தன, விவாதம் நீண்டது. சபைக்கு வெளியே கண்டன ஊர்வலங்கள். 1957 செப்டம்பர் 2-ந் தேதி மசோதா நிறைவேறியது.

சாதாரணமாக இத்தோடு ஆளுநர் கையெழுத்துப் போட்டுக் கதை முடிந்திருக்கும். ஆளுநர் பி. ராமகிருஷ்ண ராவ் கையெழுத்துப் போடவில்லை. மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார்.

ராஜேந்திர பிரசாதும் கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. அரசியல் சட்டத்தின் 143-வது பிரிவை எடுத்தார். உச்ச நீதிமன்றத்திடம் ஆலோசனை கேட்கும் பிரிவு அது. அதற்கு முன் ஒரே ஒருமுறை, 1951-ல் டெல்லிச் சட்டங்கள் விவகாரத்தில், அது பயன்பட்டிருந்தது. ஒரு மாநிலச் சட்டசபை நிறைவேற்றிய மசோதா, சட்டமாகும் முன்பே உச்ச நீதிமன்றப் படியேறியது இதுதான் முதல் தடவை.

திருவனந்தபுரத்தில் பட்ஜெட் போட்டவர்கள் இனி டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

*

கேரள அரசு வாதாட லண்டனிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தது. டி.என். பிரிட். கென்யாவில் ஜோமோ கென்யாட்டாவுக்காக வழக்காடியவர். ஒரு மாநிலத்தின் பள்ளிச் சம்பள விவகாரத்துக்கு உலகப் புகழ் பெற்ற பாரிஸ்டர்! இதிலிருந்தே இந்த அரசுக்கு அந்த மசோதா எவ்வளவு முக்கியமாகிவிட்டது என்று தெரியும்.

கேள்வியின் சாரம் இதுதான். சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு. அரசிடம் பணம் வாங்கினால் அந்த உரிமை எவ்வளவு மிஞ்சும்?

1958 மே 22. தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதிய கருத்துரை வந்தது.

பதினான்கு, பதினைந்து ஆகிய இரண்டும் சிறுபான்மைப் பள்ளிகளைப் பொறுத்தவரை செல்லாது. மானியத்தைக் கொடுத்து உரிமையைப் பிடுங்க முடியாது.

ஒன்பது, பதினொன்று? இங்கேதான் கவனிக்க வேண்டும். இவை நிர்வாக உரிமைக்குள் கடுமையாக நுழைகின்றன, உரிமையை மீறும் விளிம்புவரை வந்துவிட்டன என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் குறைந்த சம்பளத்தில் அல்லாடும் ஆசிரியருக்குப் பாதுகாப்புத் தருவது இவற்றின் நோக்கம் என்பதால், தற்போதைக்கு அனுமதிக்கலாம் என்று விட்டுவிட்டது. சம்பளப் பதிவேட்டில் பொய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அந்த ஆசிரியர்தான் பதினொன்றாம் பிரிவைக் காப்பாற்றினார் என்று சொல்லலாம்.

இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. ஆரம்ப வகுப்புகளில் கட்டணமே வாங்கக் கூடாது என்றது இருபதாம் பிரிவு. உதவி பெறும் பள்ளிக்குச் சிக்கல் இல்லை, அரசு ஈடுகட்டும். உதவி பெறாமல் அங்கீகாரம் மட்டும் பெற்ற சிறுபான்மைப் பள்ளி என்ன செய்யும்? கட்டணமும் இல்லை, மானியமும் இல்லை. இலவசக் கல்வி தருவது அரசின் கடமை. அந்தச் செலவை ஒரு சமூகத்தின் தலையில் கட்ட முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். எந்த நிதியமைச்சரும் மேஜையில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டிய தீர்ப்பு இது: ‘இலவசம்’ என்று சட்டத்தில் எழுதினால், யார் பணம் என்பதை அடுத்த வரியிலேயே எழுது.

இதில் மாறுபட்டவர் நம்மவர், நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். சங்கீத ரசிகர்களுக்கு இந்தப் பெயர் வேறு விதத்தில் தெரியும். தீட்சிதர் கீர்த்தனைகளில் கரைகண்டவர், 1944-ன் சங்கீத கலாநிதி, டி.கே. பட்டம்மாளுக்குப் பாடம் சொன்னவர். பள்ளி நடத்தும் உரிமை சிறுபான்மையினருக்கு உண்டு, அதற்கு அரசின் அங்கீகாரத்தையும் உரிமையாகக் கேட்க முடியாது என்பது அவர் கட்சி. தனித்து நின்றார்.

*

திருவனந்தபுரத்தில் அந்த மே மாதம் வேறு ஒரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் உறுப்பினர் ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, இடைத்தேர்தல். மெலிந்த பெரும்பான்மை வைத்திருந்த அரசுக்கு ஒவ்வொரு இடமும் உயிர். தேயிலைத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் நடுவே பாவலர் வரதராசன் — ஆமாம், இளையராஜாவின் அண்ணன் — பாடிப் பாடி வாக்குச் சேகரித்தார். ரோசம்மா மீண்டும் வென்றார். அரசு பிழைத்தது.

மசோதாவைத் திருத்தி எழுதினார்கள். கையகப்படுத்தும் பிரிவுகளிலிருந்து சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு. பதினொன்றில் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க முண்டசேரிக்கு மனமில்லை; பிரிவு நின்றது. 1958 நவம்பர் 28-ல் சபை மறுபடி நிறைவேற்றியது. 1959 பிப்ரவரி 19-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். 1959-ன் ஆறாவது சட்டம்.

நீதிமன்றத்தில் பாதி வென்றவர்கள் முழுவதும் வென்றதாக நினைத்துக்கொண்டார்கள். அதுதான் தவறு. கத்தோலிக்க சபை எதிர்த்துக்கொண்டுதான் இருந்தது, அது எதிர்பார்த்ததே. கணக்கில் வராத ஆள் மன்னத்து பத்மநாபன்.

நாயர் சர்வீஸ் சொசைட்டியின் தலைவர். தொடக்கத்தில் மசோதாவுக்கு எதிராகக் களத்தில் நின்றவர் அல்ல. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு நீதிமன்றம் விலக்குக் கொடுத்தபின் நிலைமை மாறியது. கிறிஸ்தவப் பள்ளியை அரசு தொட முடியாது, நாயர் பள்ளியைத் தொடலாம்! இதோடு நிலச் சீர்திருத்த மசோதாவும் சேர்ந்துகொண்டது. காலமெல்லாம் எதிரெதிர்த் துருவங்களாக இருந்த சங்ஙனாச்சேரியின் இரண்டு முனைகள், ஆயர் இல்லமும் பெருந்நாவில் இருக்கும் என்.எஸ்.எஸ். தலைமையகமும், ஒரே திசையில் திரும்பின.

1959 ஜூன் 1. சட்டம் அமலுக்கு வந்தது.

கேரளத்தில் ஜூன் என்றால் மழையும் பள்ளி திறப்பும். இந்த ஜூனில் கத்தோலிக்க மேனேஜர்கள் பள்ளிகளைத் திறப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். மன்னத்து பத்மநாபன் அவர்களோடு நின்றார்.

சட்டப்படி ஆசிரியர் அரசிடம் சம்பளம் வாங்குபவர். சாவியோ மேனேஜரிடம். பூட்டிய பள்ளியின் வாசலில் நிற்கும் ஆசிரியருக்கு ஜூன் மாதச் சம்பளத்தை அச்சுத மேனனின் கஜானா கொடுக்குமா? அதைவிடப் பெரிய கேள்வி: அந்த மாதச் சம்பளப் பட்டியல் கஜானாவுக்கு வந்துசேரும் நாளில், அதில் கையெழுத்துப் போட இந்த அரசு இருக்குமா?

(அடுத்த வாரம்)